வாழையடியில் ஒரு குடும்பம்

(யூபிலி ஆண்டின் குடும்ப நாளன்று நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி வந்துவிட்டது. கோபுரத்துக்கு வண்ணம் பூசியாயிற்று. கொடிமரம் புதிதாயிற்று. தேருக்கு விளக்கு கட்டியாயிற்று. எல்லாம் நல்லதே. ஆனால் விழா முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் நாம் திரும்பிப் போவது அவரவர் வீட்டுக்குத்தான். ஆகவே இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள்.

குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேளாத மறையுரை உண்டா? மண நாளன்று ஒருமுறை, தவக்காலத்தில் ஒருமுறை, திருக்குடும்ப விழாவில் ஒருமுறை என்று கேட்டுக் கேட்டுக் காது பழகியிருக்கும். அதனால் இன்று உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துப் போகிறேன். கடல் கடந்து, ஆப்பிரிக்காவின் கிழக்கே, தான்சானியா நாட்டில், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் உள்ள ஒரு குடியானவர் வீட்டுக்கு. அந்த வீட்டுத் தோட்டம், அந்த வீட்டு அடுப்பு, அந்த வீட்டுச் சண்டை, அந்த வீட்டுச் சமாதானம் ஆகிய இவற்றைக் கண்டுவிட்டு வருவோம். நான் சொல்லப்போகிறவை நூல்களில் படித்தவையும், அங்கே பல ஆண்டு பணிபுரிந்து திரும்பிய நம் நாட்டு அருட்சகோதரிகளிடம் கேட்டறிந்தவையும் ஆகும்.

மலையும் வீடும்

கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவில் அதைவிட உயர்ந்த மலை இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை தெற்கே, வெயில் கொளுத்தும் நாட்டில் இருந்தும் அதன் முடியில் பனி உறைந்து கிடக்கிறது. 1848-இல் ரெப்மான் என்ற ஜெர்மானிய வேதபோதகர் அந்தப் பனியைக் கண்டு எழுதியபோது, ஐரோப்பாவில் படித்த பெரியவர்கள் சிலர் நம்பாமல் நகைத்தார்கள்.

நாம் பனிமுடிக்குப் போக வேண்டாம், குளிர் தாங்காது. கீழே பாருங்கள். மேலே அடர்ந்த காடு. அடியில் வறண்ட சமவெளி. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 1,000 மீட்டர் முதல் 1,900 மீட்டர் உயரம் வரை, மலையின் தெற்கிலும் கிழக்கிலும் ஒட்டியாணம் கட்டினாற்போல ஒரு பச்சை வளையம் தெரிகிறது. அதுதான் சக்கா இன மக்கள் வாழும் நிலம். மச்சாமே, கிபோஷோ, கிலேமா, மராங்கு, ரோம்போ என்பன அவர்களுடைய ஊர்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை; ஆண்டின் கடைசியில் சிறுமழை.

நம் ஊரைப் போல அங்கே வீடுகள் தெருவாக ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வாழைதான் தெரியும். பக்கத்தில் போனால்தான் வீடு தெரியும். வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து அவர்கள் வழங்கும் பெயர் கிஹாம்பா. அப்பனும் பாட்டனும் அடக்கமானதும் அந்த வாழை நிழலில்தான். ஆகவே கிஹாம்பாவை விற்பது என்ற பேச்சையே அவர்கள் வாயில் எடுக்க அஞ்சுவார்கள். நிலத்தோடு கல்லறையையும் சேர்த்து விற்க யாருக்கு மனம் வரும்?

நான்கு அடுக்குத் தோட்டம்

1984-இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஒரு கிஹாம்பாவின் சராசரிப் பரப்பு 0.68 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 1.7 ஏக்கர். இந்தச் சிறு நிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்வதைக் கேட்டால் நம் ஊர் விவசாயிகள் வியப்பார்கள். இத்தோட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் செடி கொடி மரங்களை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். நிலம் அகலத்தில் குறைவு என்பதால் அவர்கள் உயரத்தில் பயிர் செய்கிறார்கள்.

மேல் அடுக்கில் பெருமரங்கள். வாகை இனத்து மரம், நறுவிலி இனத்து மரம் ஆகியவை காடாக இருந்த காலத்திலிருந்து விட்டுவைக்கப்பட்டவை. சில்வர் ஓக் மரமும் உண்டு. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் காப்பித் தோட்டத்துக்கு நிழல் தருகிறதே, அதே மரம். அதன் தாய்நாடு ஆஸ்திரேலியா. அங்கிருந்து நம் மலைக்கும் வந்தது, அவர்கள் மலைக்கும் போயிற்று. இரண்டாம் அடுக்கில் வாழை. மூன்றாம் அடுக்கில் காப்பிச் செடி. அடியில் சேம்பு, பீன்ஸ் பயறு, கீரை வகைகள். மரத்தைப் பற்றிக்கொண்டு வள்ளிக்கிழங்குக் கொடி ஏறுகிறது. கிளையில் தேன்கூடு தொங்குகிறது.

இதில் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மேலே நிற்கும் மரம் எல்லா வெயிலையும் தானே குடித்துவிட்டால் கீழே ஒன்றும் விளையாது. அதே மரத்தை அடியோடு வெட்டிவிட்டாலோ வெயில் காப்பியை வாட்டும். மழை சரிவு மண்ணை அரித்துப் போகும். ஆகவே குடியானவர் ஆண்டுதோறும் அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போடுகிறார். எந்தக் கிளையைக் கழித்தால் காப்பிக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும், எந்த இடத்தில் வாழையைக் கலைத்து விட்டால் பயறு காய்க்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார். பெரியது சிறியதற்கு வெளிச்சம் விடுகிறது. சிறியது பெரியதன் நிழலில் குளிர்கிறது. வேரும் அப்படியே. ஒன்று ஆழத்தில் நீரைத் தேடுகிறது, ஒன்று மேலாக உண்கிறது.

தோட்டத்தில் எதுவும் வீணாவதில்லை. மாடு மேய்ச்சலுக்குப் போவதில்லை. வீட்டோடு கொட்டிலில் கட்டித் தீனி வைக்கிறார்கள். வாழை இலையும், நறுக்கிய வாழைத் தண்டும் மாட்டுக்குப் போகின்றன. மாட்டுச் சாணம் வாழை அடிக்கு வருகிறது. சருகு மண்ணை மூடி ஈரம் காக்கிறது. தாய் வாழை தார் ஈன்று சாயும் முன்னே பக்கக் கன்று எழுந்து நிற்கிறது. வாழையடி வாழை என்று நம் முன்னோர் மண வீட்டில் வாழ்த்துகிறார்களே, அந்த வாழ்த்தின் முழுப் பொருளை அந்த மலையில் காணலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் நிற்பவற்றுள் எவை உள்ளூர்? வாழை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கடல் வழியே போனது. பீன்ஸ் பயறும் மக்காச்சோளமும் அமெரிக்காவில் பிறந்தவை. காப்பிக்கு எத்தியோப்பியா தாயகம். வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்கும் அந்த மண் ஓர் இடம் கொடுத்தது. இன்று வாழை இல்லாமல் ஒரு சக்கா வீட்டை நினைத்துப் பார்க்க முடியாது. நம் பங்கிலும் பழைய குடும்பம், புதிதாக வந்த குடும்பம் என்று சிலர் பேசுவது என் காதில் விழுவதுண்டு. அவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

மூன்று கல் அடுப்பு

இனி அடுப்படிக்குப் போவோம். தாய்மார்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்; நல்லது.

மூன்று கல், மேலே பானை, அடியில் விறகு. நம் பாட்டிமார் சமைத்த அதே அடுப்பு. பானைக்குள் போவது பெரும்பாலும் வாழைக்காய். பழுக்க வைத்துத் தின்னும் வாழை வேறு, சமைக்கும் வாழை வேறு, சுட்டுத் தின்பது வேறு, மது காய்ச்சுவது வேறு. தாரைப் பார்த்தவுடனே எது எதற்கு என்று சின்னப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

அன்றாட உணவுகளில் ஒன்று கிபூரு. பீன்ஸ் பயறை முதலில் வேகவிட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். விரைவில் வேக, மகாதி என்னும் உவர்ச்சோடாக் கல்லைச் சிறிது சேர்ப்பார்கள். பயறு வெந்துவரும்போது தோலுரித்த வாழைக்காயைப் போட்டு, இரண்டும் ஒன்றாக வெந்தபின் மசித்து இறக்கினால் கிபூரு. வாழைக்காயை இறைச்சியோடும் வெங்காயம் தக்காளியோடும் சேர்த்துக் குழம்பாகச் சமைத்தால் அது மச்சலாரி. விருந்தாளி வந்தால் அது உண்டு. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டிக் களியாக்குவது உகாலி. அது தான்சானியா நாடு முழுவதற்கும் பொது உணவு. தொட்டுக்கொள்ளக் கீரை. அவர்கள் விரும்பி உண்ணும் ம்னாஃபு என்ற கீரை நம் மணத்தக்காளி இனம்தான். வயிற்றுப்புண்ணுக்கு நல்லது என்று நீங்கள் சமைக்கிறீர்களே, அது அங்கே விருப்பமான அன்றாடக் கறி.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது ம்தோரி. வாழைக்காயை எலும்பு இறைச்சியோடு நன்றாக வேகவைத்து, காயை மட்டும் மசித்து, அந்தச் சாற்றிலேயே கரைத்துக் கூழ்போலச் செய்வது. இது பிள்ளை பெற்றவளுக்கு உரிய உணவு. நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் எப்படியோ அப்படி. பழைய வழக்கப்படி பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் வெளியே போவதில்லை, மண்வெட்டியைத் தொடுவதில்லை, சுமை தூக்குவதில்லை. மாமியாரும் தாயும் மாறி மாறி ஊட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து அவள் அலங்கரித்துக்கொண்டு முதன்முதலாகச் சந்தைக்கு வரும்போது, போர்க்களத்தில் வென்று திரும்பிய வீரனைப் போல வரவேற்கப்பட்டாள் என்று அம்மக்களின் பழைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஓர் உயிரை ஈன்றது போரை வென்றதற்குச் சமம் என்று ஓர் இனமே எண்ணியிருக்கிறது. இதைக் கேட்கும் மாமியார்மார் தம் மருமகளையும், கணவன்மார் தம் மனைவியையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மதுவைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன். கனிந்த வாழையைக் காய்ச்சி, முளைகட்டிய கேழ்வரகு மாவு கலந்து புளிக்கவைப்பது ம்பேகே. பெண் கேட்கப் போவதென்றாலும், வழக்குத் தீர்ப்பதென்றாலும் ம்பேகே இல்லாமல் ஆகாது. பெரியவர் முன் ஒரு குடுவை. எல்லாரும் அதில் ஒவ்வொரு வாய். ஒன்றாகக் கூடிக் குடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. முறை போய்க் குடி மட்டும் நின்றுவிட்டால் அங்கேயும் அடுப்பு அணைகிறது, இங்கேயும் அணைகிறது. இதற்குமேல் விளக்கம் வேண்டாம், வீட்டுக்காரிகளுக்குத் தெரியும்.

யார் சுமக்கிறார்கள்?

தோட்டம் அழகாயிருக்கிறது, சமையல் மணக்கிறது. ஆனால் மாட்டுக்குப் புல் எங்கிருந்து வருகிறது? வாழைத் தண்டு மட்டும் போதாது. தோட்டத்தின் ஓரத்தில் வளரும் புல்லும் போதாது. கீழே சமவெளியிலிருந்து வர வேண்டும். காலையில் மலையிறங்கி, புல் அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு செங்குத்தான பாதையில் திரும்பி ஏறியவர்கள் பெண்கள். இன்று சில இடங்களில் வண்டியில் வருகிறது. வண்டிக்குக் காசில்லாத வீட்டில் இன்றும் தலைதான் வண்டி. சமவெளியிலுள்ள சோளக்கொல்லையில் களையெடுப்பதும், விறகும் தண்ணீரும் கொண்டுவருவதும் பெரும்பாலும் அவர்கள் பங்கே.

வழக்கப்படி காப்பி ஆணுக்கு உரியது. வாழை பெண்ணுக்கு உரியது. காப்பிப் பணம் கணவன் கைக்குப் போகும். வாழைத்தார் சந்தையில் விற்ற பணத்தில்தான் உப்பும், சோப்பும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் வாங்குவாள் மனைவி. காப்பி விலை ஏறும் இறங்கும். வாழை ஆண்டு முழுவதும் தார் போடும். எது அந்தக் குடும்பத்தை அன்றாடம் காத்தது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சுமந்தவளுக்கு நிலத்தில் பங்கு இருந்ததா? வழக்கத்தில் மகனுக்கே நிலம். 1999-இல் தான்சானியா அரசு இயற்றிய நிலச் சட்டங்கள், நிலத்தைப் பெறவும் வைத்திருக்கவும் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று எழுதின. சட்டம் எழுதியாயிற்று, வீட்டுப் பேச்சு மாறுவதற்கு நாளாகிறது. கைம்பெண்ணாகி நிற்பவளும், கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மகளும் அந்த நாளை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பத்திரம் எழுதும் நாளில் தங்கையைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்துக் கேட்கும் வழக்கமும் இருக்கிறது. நான் யாரையும் சுட்டிச் சொல்லவில்லை.

வாய்க்கால் முறை

அந்த மலையின் தண்ணீர் பனி உருகி வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பனியின் பங்கு சிறிது. மேலே உள்ள காடுதான் மழையையும் மேகத்தையும் பிடித்து ஓடையாக விடுகிறது. 1912-இல் முடியில் இருந்த பனியில் பெரும்பகுதி இன்று இல்லை. ஆனாலும் காடு இருக்கும்வரை ஓடை இருக்கும். காடு அழிந்தால்தான் ஆபத்து. ஆகவே காட்டைக் காப்பது அவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை.

ஓடைகள் ஆழப் பள்ளத்தில் ஓடுகின்றன. வீடுகள் மேட்டில் இருக்கின்றன. எனவே மேலே வெகுதூரத்தில் ஓடையை மறித்து, சரிவை ஒட்டி மெல்ல மெல்ல வாய்க்கால் வெட்டி, மேட்டு நிலத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பொறியியல் படித்தவர் யாரும் வந்து அளந்து கொடுக்கவில்லை. ஐரோப்பியர் அம்மலையைக் காணும் முன்பே அவர்கள் வெட்டியவை. வாய்க்காலின் பெயர் ம்ஃபோங்கோ. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் வீட்டுக்குத் தண்ணீர் என்று முறை வைப்பார். தூர் வார வேண்டிய நாளில் அழைப்பு வரும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். போகாதவனுக்குத் தண்டம். நம் முன்னோர் குடிமராமத்து என்று ஏரியையும் வாய்க்காலையும் காத்த முறை இதுவே அன்றோ?

வாய்க்கால் ஒரு பாடம் சொல்கிறது. மேல் வீட்டுக்காரன் அடைத்துக்கொண்டால் கீழ் வீட்டுக்காரன் தோட்டம் காயும். அவன் கோபத்தில் தூர் வார வராவிட்டால் கரை உடையும். அடுத்த மழையில் மேல் வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பகையாளியாக இருந்தாலும் வாய்க்கால் கரையில் பக்கத்தில் நின்று மண் வெட்டியே தீர வேண்டும். பக்கத்தில் நின்று வேர்வை சிந்தினால் பகை எத்தனை நாள் நிற்கும்?

கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களில் கூடி, பங்கு என்பது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு சமூகங்களாக வாழ வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கருத்து அந்த மக்களுக்குப் புதிதாகத் தோன்றியிருக்காது என்று நான் எண்ணுகிறேன். ஏற்கெனவே ஒரே வாய்க்காலில் நீர் குடித்தவர்கள் அவர்கள். இன்றும் சிறு சமூகமாக வாழையடியில் கூடிச் செபிக்கிறார்கள். நம் அன்பியக் கூட்டத்துக்கு நேரமில்லை என்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

காப்பி வந்த கதை

காப்பிக்கும் திருச்சபைக்கும் அங்கே தொடர்பு உண்டு. 1890-களில் கிலேமாவில் குடியேறிய தூய ஆவி சபைக் குருக்கள் தங்கள் தோட்டத்தில் காப்பி நட்டார்கள். அங்கிருந்து அது மக்கள் தோட்டத்துக்குப் பரவியது. வாழை நிழல் காப்பிக்கு ஒத்துப்போயிற்று. வாழையை அழிக்காமலே பணப்பயிர் கிடைத்தது. ஆப்பிரிக்கர் காப்பி பயிரிடக் கூடாது என்று அங்கிருந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். மக்கள் பின்வாங்கவில்லை, 1925-இல் சங்கம் அமைத்தார்கள், 1933-இல் அது கூட்டுறவு ஒன்றியம் ஆயிற்று. காப்பிப் பணத்தில் பள்ளிகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள்.

பின்னர் சோதனைகள் வந்தன. 1976-இல் அரசு கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்தது. 1980-களில் அவை மீண்டும் வந்தன. 1989-இல் உலகக் காப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை முறிந்து, விலை வீழ்ந்தது. செடிகளும் கிழடுதட்டின. சிலர் காப்பியைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போட்டார்கள். ஆனால் காப்பியை மட்டும் நம்பாமல் நான்கு அடுக்கையும் காத்த வீட்டில் பட்டினி நுழையவில்லை. ஒரே தூணில் வீடு கட்டாதே என்பது இதன் பாடம்.

நடுப்பிள்ளை

இனி மனத்தை வருத்தும் பகுதிக்கு வருகிறேன்.

வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தனி நிலம் உண்டு. கடைசிப் பிள்ளைக்குப் பெற்றோர் இருக்கும் வீடும் தோட்டமும். முதுமையில் அவர்களைக் காப்பவன் அவன். நடுவில் பிறந்தவர்களுக்கு? அந்நாளில் சரிவில் வெற்று நிலம் இருந்தது. தலைவன் ஒரு துண்டைக் காட்டுவான். அவர்களும் வாழை நட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். இப்போது வெற்று நிலம் இல்லை. கிளிமஞ்சாரோ மாநிலத்தில் 2012-இல் 16 இலட்சம் பேர். 2022-இல் 18 இலட்சத்துக்கு மேல். மக்கள் பெருகினார்கள், மலை பெருகவில்லை. கிஹாம்பாவைத் துண்டு போட்டால் ஒரு மாடு கட்ட இடமில்லை, ஒரு மரம் விட இடமில்லை. துண்டு போடாவிட்டால் தம்பி தெருவில் நிற்கிறான்.

அந்த நடுப்பிள்ளை என்ன செய்வான்? மோஷி நகரத்துக்கோ, 500 கிலோமீட்டருக்கு அப்பால் தார் எஸ் சலாம் நகரத்துக்கோ போவான். கடை வைப்பான், வேலை தேடுவான். சிலர் நன்றாக வந்தார்கள். சக்கா மக்கள் வாணிபத்தில் கெட்டிக்காரர்கள் என்று அந்நாட்டில் பெயர். சிலர் வரவில்லை. ஊரில் அண்ணனுக்கும் தம்பிக்கும் எல்லையில் ஒரு வாழை வரிசைக்காக வழக்கு. ஒரே தாயின் ம்தோரிக் கூழில் வளர்ந்தவர்கள் நீதிமன்றப் படியில் முகம் பாராமல் நிற்கிறார்கள்.

இது அந்த மலையின் துயரம் மட்டுமா? இந்தப் பங்கில் எனக்குத் தெரிந்தே, ஒரே திருப்பலியில் வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் தம்பி என்று உட்கார்ந்து, சமாதானம் சொல்லும் வேளையில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைகூப்பிவிட்டு உடன்பிறந்தவரைப் பாராமல் போகும் குடும்பங்கள் உண்டு. காரணம் கேட்டால் இரண்டு சென்ட் நிலம், ஒரு பொதுச் சுவர், அம்மாவின் ஒரு சங்கிலி.

மசாலே இலை

இந்த நோய்க்கு மருந்தும் அதே தோட்டத்தில் வளர்கிறது. ஒரு கிஹாம்பாவுக்கும் அடுத்த கிஹாம்பாவுக்கும் எல்லையாக அவர்கள் நடும் செடியின் பெயர் மசாலே. நம் மசாலா அன்று; குழந்தைகள் சிரிக்க வேண்டாம். நம் ஊரில் வீட்டு முகப்பில் தொட்டியில் அழகுக்கு வைக்கிறோமே டிரசீனா, அந்த இனம். நீண்ட பச்சை இலை. முன்னோர் கல்லறை அருகிலும் அதை நடுவார்கள்.

ஒருவருக்கு ஒருவர் தீங்கு செய்துவிட்டால், செய்தவர் அந்த இலையைப் பறித்து முடிச்சிட்டு, எடுத்துக்கொண்டு மற்றவர் வீட்டுக்குப் போவார். நீண்ட பேச்சு வேண்டியதில்லை. இலையே பேசும். மசாலே இலையோடு வாசலில் வந்து நிற்பவரை மறுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். உன் வாசலுக்கு அவன் வருவதற்குள் அவன் மனத்தில் எத்தனை மலை ஏறி இறங்கினானோ, அதை மதிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். இது உன் நிலம், இது என் நிலம் என்று பிரித்துக் காட்டும் அதே செடிதான் மன்னிப்புக் கேட்கும் இலையையும் தருகிறது. எல்லை இருக்கட்டும், அளவு கல் இருக்கட்டும், பத்திரமும் இருக்கட்டும். அந்த எல்லையிலேயே சமாதானத்துக்கு வேண்டியதும் வளரட்டும்.

கிறிஸ்து பிறப்பு விழா வந்தால் சக்கா மக்கள் எந்த நகரில் இருந்தாலும் மலைக்குத் திரும்புகிறார்கள். டிசம்பரில் மோஷிக்கு வரும் பேருந்துகளில் இடம் கிடைக்காது. பல ஆண்டு நின்றிருந்த பயணிகள் ரயில் 2019 டிசம்பரில் மீண்டும் மோஷிக்கு ஓடியபோது மக்கள் மகிழ்ந்தார்கள். வீட்டில் ஆடு அடிப்பார்கள். இன்ன துண்டு தந்தைக்கு, இன்ன துண்டு தாய்மாமனுக்கு என்று உறவுக்கு உறவு பங்கு உண்டு. நகரத்திலிருந்து வந்த நடுப்பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. நிலத்தில் இடமில்லாதவனுக்கும் உணவில் இடம் இருக்கிறது. ஆண்டுக் கணக்கான மனத்தாங்கல்கள் பேசித் தீர்க்கப்படுவதும் அந்த நாட்களில்தான். ஒருவர் அயலூரில் இறந்தால் உடலை அந்த வாழையடிக்கே கொண்டுவருகிறார்கள்.

2011-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், ஷிம்ப்வே ஜூ என்ற ஊரின் கிஹாம்பாத் தோட்டங்களை உலகம் காக்க வேண்டிய வேளாண் மரபு என்று அறிவித்தது. பெருமைதான். ஆனால் பட்டயத்தைச் சுவரில் மாட்டினால் தோட்டம் நிற்காது. நாளைக் காலையில் ஒருத்தி புல் சுமக்க வேண்டும். ஒருவன் கிளை கழிக்க வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்காலுக்குப் போக வேண்டும். யாராவது ஒருவர் இலையோடு இறங்கிப் போக வேண்டும்.

நமக்கு

அன்பார்ந்தவர்களே, யூபிலி என்ற சொல்லை நாம் வேத நூலிலிருந்து எடுத்திருக்கிறோம். லேவியர் ஆகமத்தில் அதன் முறை சொல்லியிருக்கிறது. ஐம்பதாம் ஆண்டில் கைமாறிப்போன நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். பிரிந்து போனவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கொடியேற்றமும் வாணவேடிக்கையும் பின்னால் வந்தவை. நிலமும் உறவும் திரும்புவதே யூபிலி.

ஆகவே உங்களிடம் நான் நன்கொடைச் சீட்டு நீட்டப் போவதில்லை. அதற்கு விழாக் குழுவினர் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. வீட்டில் பெரியவராக இருப்பவர், கீழே இருப்பவருக்கு வெளிச்சம் விடுகிறோமா என்று அண்ணாந்து பாருங்கள். மகனுக்குப் பேச இடம் இருக்கிறதா? மருமகள் சிரிக்க இடம் இருக்கிறதா? கணவன்மாரே, உங்கள் வீட்டில் புல்லுக்கட்டைச் சுமப்பது யார் என்று பாருங்கள். இன்று மாலை ஒரு குடம் தண்ணீராவது நீங்கள் தூக்குங்கள். அண்ணன்மாரே, நடுப்பிள்ளையையும் தங்கையையும் மறவாதீர்கள். பேச்சு நின்ற குடும்பங்களே, தேர்ப்பவனிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நம் ஊரில் மசாலே இலை கிடைக்காது. ஒரு சீப்பு வாழைப்பழம் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டு வாசலுக்குப் போங்கள். வந்தவரைத் தம்பி மறுக்க வேண்டாம்; உள்ளே அழைத்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த இரண்டு சென்ட்டைப் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.

திருக்குடும்பத்தை நமக்குத் தந்த இறைவன் உங்கள் அடுப்புகளையும், தோட்டங்களையும், வாசல்களையும் ஆசீர்வதிப்பாராக. வாழையடி வாழையாக நீங்கள் தழைப்பீர்களாக. ஆமென்.